ஜலால் பாயிடம் நான் சொல்லாமல் விட்டது

ஜலால் பாயின் மகன் ரியாஸ் போன் செய்தபோது நான் படூரில், எங்கள் தெருமுனையில், தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். "மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் எடுக்குறோம்" என்றான். அழுகை இல்லை, அழுது முடித்த குரல். லாரி வந்தது தெரியவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பெண் என் குடத்தையும் நிரப்பி என் காலடியில் வைத்துவிட்டுப் போனதை அப்புறம்தான் பார்த்தேன்.

வீட்டுக்குள் நுழைவதற்குள் நம் போக்குவரத்துக் கழக ஓய்வுபெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிட்டது. 'நமது முன்னாள் ஓட்டுநர் ஜலாலுதீன் அவர்கள் உடல்நலக் குறைவால் காலமானார்.' அதன் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். உடல்நலக் குறைவு என்ற சொல்லைப் பார்த்ததும் 'ப்ராஸ்டேட் புற்றுநோயால் இறந்தார்' என்று எழுதி அனுப்பினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, குழுவை நடத்துகிற நம் பழைய டைம்கீப்பர் கூப்பிட்டார்.

"தாஸு, அத்த டெலிட் பண்ணிடுபா. அந்த எடத்து வியாதி. பெரிய மன்சன், பேரு கெட்டுப்போவும். வூட்டுல பொம்பளைங்க வேற கீறாங்க."

"அந்த எடம்னா எந்த எடம்ணே?" என்று கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

நான் அழிக்கவில்லை. அந்த ஒரு வரியில் அடங்காத மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். படித்துவிட்டு என் மேல் கோபப்பட்டாலும் சரி.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் தடத்தில் பதினோரு ஆண்டுகள் அவர் வண்டி ஓட்டினார், நான் டிக்கெட் கொடுத்தேன். உங்களில் பலருக்கு அவரைக் கோபக்காரர் என்றுதான் தெரியும். ஒருநாள் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வயதான ஒருவர் எழுந்து வந்து, அவசரம், கொஞ்சம் நிறுத்த முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். அடுத்த நொடி வண்டி ஓரம் கட்டியது. முன் இருக்கையில் மடியில் லேப்டாப் பையோடு இருந்தவர், "இப்படி ஆளாளுக்கு நிறுத்தச் சொன்னா நாங்க எப்போ போய்ச் சேர்றது?" என்றார். ஜலால் பாய் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். "சார், டயர் பாக்க நிறுத்துறேன், டீசல் ஊத்த நிறுத்துறேன். மன்சனுக்கு நிறுத்தக் கூடாதா? நீங்களும் ஒரு நாளு கேப்பீங்க. அன்னிக்கும் நிறுத்துவேன்." பெரியவர் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.

ஆனால் தனக்காக அவர் ஒருநாளும் நிறுத்தியதில்லை. காலையில் ஏறினால் அடக்கிக்கொண்டே ஓட்டுவார். அதற்காகத் தண்ணீரே குடிக்க மாட்டார். கேட்டால், "டிரைவர் எறங்கினா வண்டி லேட்டுபா" என்பார். நமக்கெல்லாம் அது பெருமையாக இருந்தது. கடமை தவறாதவர் என்று பாராட்டுப் பத்திரத்தில்கூட எழுதிக் கொடுத்தோம்.  தன் உடம்பைக் கேட்காமல் இருப்பதற்கா ஒரு மனிதனைப் பாராட்டுவது?

அவருடைய கோபத்துக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. நான் ஒருமுறை சில்லறை இல்லாமல் ஏறிய கிழவியிடம் எகிறினேன். மாமல்லபுரத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு என்னைக் கூப்பிட்டார். "கோவம் வந்தா மேல பாத்துக் கத்து தாஸு. கீழ பாத்துக் கத்துறது கோவம் இல்ல, கொழுப்பு" என்றார். என் அப்பா படூரில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். கீழே பார்த்துக் கத்தும் ஆட்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவன் நான். ஆனாலும் அன்றுவரை எனக்கு யாரும் அதை இப்படிச் சொல்லித் தந்ததில்லை.

இனி என் கதை. நடந்த காலத்தில் இதை என் மனைவிக்கும் மகளுக்கும் மருமகனுக்கும் தவிர யாருக்கும் நான் சொல்லவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என் மருமகன் வேலை செய்யும் கம்பெனியில், ஊழியர்களின் பெற்றோருக்கும் மாமனார், மாமியாருக்கும் முழு உடல் பரிசோதனை உண்டு என்றார்கள். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. மகள் பிடிவாதமாக அழைத்துப் போனாள். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்று ஒன்று கூடுதலாக இருந்தது. அது கூடினாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, வயதானால் ப்ராஸ்டேட் சுரப்பியில் வரும் சாதாரண வீக்கத்திலும் கூடும், பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பல இடத்தில் ஊசி குத்திச் சதை எடுப்பார்களாம். இப்போது முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேகமான இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த இடத்திலேயே குறிபார்த்து எடுக்கிறார்கள். புற்றுநோய்தான் என்று தெரிந்ததும் இன்னொரு ஸ்கேன். உடம்பில் வேறெங்கும் ஒரு புள்ளிகூட இல்லை என்று காட்டியது. அதன் பிறகு ரோபோ அறுவை சிகிச்சை. வயிற்றில் ஆறு சின்னத் துளைகள். மறுநாள் நடந்தேன். சிறுநீருக்குப் போட்டிருந்த குழாயைப் பத்து நாளில் எடுத்தார்கள்.

எவ்வளவு பெரிய விஷயம்! வலி தெரியுமுன்பே ஒரு மரணத்தைக் கண்டுபிடித்து வெளியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? யார் கேட்டாலும் ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லச் சொல்லி வீட்டில் சத்தியம் வாங்கிக்கொண்டேன். காரணம் நாப்கின். தும்மினால் சொட்டும், எழுந்தால் சொட்டும். பேரக்குழந்தைக்கும் எனக்கும் ஒரே கடையில் ஒரே வாரத்தில் வாங்கினாள் மகள். இன்னொரு காரணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஜலால் பாய் பார்க்க வந்தார். கோவளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, மாதுளம்பழத்தோடு. கட்டிலின் பக்கவாட்டில் தொங்கிய, சிறுநீர் சேரும் பையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். "ஹெர்னியாவுக்கா இப்படி மூஞ்சி தொங்கிப்போச்சு? கனமா இன்னாத்த தூக்கின, டிக்கெட் மிஷினா?" என்று சிரித்தார். பிறகு பழத்தை உரித்துக்கொண்டே, போகிற போக்கில் சொன்னார்: "எனக்கும் ஒடம்பு சரியில்லபா. ராவுல நாலு வாட்டி எந்திரிக்க வேண்டி கீது. நின்னாலும் சீக்கிரம் வர மாட்டுது."

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "வயசாச்சு பாய். எல்லாருக்கும் அப்படித்தான்."

துண்டுக்கடியில் பை இருந்தது. தலையணைக்கடியில் எல்லாப் பரிசோதனைத் தாள்களும் இருந்தன. ஒரு வார்த்தை போதும். முப்பது வருஷம் நிறுத்தத்தின் பெயரைச் சத்தம் போட்டுச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன், அன்று சொல்ல வேண்டிய ஒரே பெயரை விழுங்கினேன்.

அவர் அப்போது ஓய்வுபெற்று, கேளம்பாக்கம் பக்கம் ஒரு கல்லூரிக்குப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். இடுப்பு வலி என்று ஒரு டாக்டரிடம் போனார். ஒன்றரை வருஷம் போனார். டிரைவர் என்று சொன்னதுமே அந்த டாக்டருக்கு எல்லாம் புரிந்துவிட்டது: சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து வரும் வலி. வலி மாத்திரை, களிம்பு, இடுப்புக்கு ஒரு பெல்ட். சிறுநீர்த் தொந்தரவைச் சொன்னால் அதற்கு ஒரு மாத்திரை. அறுபது தாண்டிய ஆண், எலும்பு வலி, சிறுநீர் சரியாக வரவில்லை. இந்த மூன்றையும் ஒரே ஆளின் வாயிலிருந்து கேட்டுவிட்டு, ஒன்றரை வருஷத்தில் ஒருமுறைகூட ஒரு ரத்தப் பரிசோதனை எழுதித்தரவில்லை. எனக்கு அந்த டாக்டரின் முகம் தெரியும். நல்ல மனிதர், சிரித்துப் பேசுவார். அந்தச் சிரிப்பை நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

பிறகு ஒரு காலை நேரம். திருவிடந்தை தாண்டி வரும்போது, முன்னால் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்கினார், கால் வரவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியை மணலில் இறக்கி நிறுத்தினார். மாணவர்கள் ஒருவருக்கும் கீறல் இல்லை. எல்லோரையும் இறக்கிவிட்டு, சாவியை எடுத்துப் பின்னால் இருந்த பேராசிரியரிடம் கொடுத்தார். "வேற டிரைவர கூப்டுங்க சார். இனிமே நான் ஓட்டக் கூடாது" என்றாராம். அதன் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

பெரிய மருத்துவமனைக்கு ரியாஸோடு நானும் போனேன். புற்று முதுகெலும்பில் இறங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. டாக்டர் இளம்பெண். படத்தைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார். ஜலால் பாய் சக்கர நாற்காலியிலிருந்து கேட்டார்: "ரோட்டுல பெரிய போர்டு வச்சிருக்காங்களே மேடம், ரோபோ மிஷினு. அதுல இத்த எடுத்துட முடியாதா?"

"அந்த ஆபரேஷன் கட்டி அதோட இடத்துக்குள்ளயே இருக்கும்போது பண்றதுங்க ஐயா. உங்களுக்கு வெளிய பரவிடுச்சு. இப்போ முதுகுக்குக் கதிர்வீச்சு, அதோட ஹார்மோன் ஊசி. வலி குறையும், கொஞ்சம் நடக்கலாம். கட்டுப்படுத்த முடியும். முழுசா எடுக்க முடியாது."

"எப்போ வந்திருந்தா அந்த மிஷினு?"

டாக்டர் பொய் சொல்லவில்லை. "உறுதியாச் சொல்ல முடியாது. ஒன்றர, ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ரத்த டெஸ்ட் எடுத்திருந்தா, வாய்ப்பு இருந்திருக்கும்."

ரியாஸ் மருந்து வாங்கப் போனபோது, வராந்தாவில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். இனியும் மறைத்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது. "பாய், எனக்கும் இதேதான். ஹெர்னியா இல்ல. அந்த மிஷின்லதான் எடுத்தாங்க."

அவர் பார்வை என் வயிற்றுக்குப் போனது.

"நான் பழம் வாங்கிகினு வந்தப்போவா?"

"ஆமா பாய்."

"நாலு வாட்டி எந்திரிக்கிறேன்னு சொன்னேனே?"

"சொன்னீங்க."

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "உன் மானத்துக்கு என் உசுரு வெலையாடா, தாஸு?" என்றார். பதினோரு ஆண்டில் அவர் என்னை ஒருமுறைகூட 'டா' போட்டதில்லை. ரியாஸ் வந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. 

நாற்பது நாள் என் போனை எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் ரியாஸ் வந்து, "அத்தா கூப்புடுறாங்க" என்றான். கோவளத்தில் தர்காவுக்குப் பின் சந்தில் அவர்கள் வீடு. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வா என்றும் சொல்லவில்லை, நேராகக் கேள்விதான்.

"அந்த மிஷினு தானாவே அறுக்குமா?"

"இல்ல பாய். டாக்டர் தள்ளி ஒக்காந்துகினு, உள்ள இருக்கிறத பெருசாக் காட்டுற ஒண்ணுக்குள்ள பாத்துகினே கைய அசைப்பாரு. அவரு அசைக்கிற மாதிரியே அந்தக் கை உள்ள அசையும்."

"அப்போ டிரைவர்தான் ஓட்டுறாரு."

"ஆமா. ஸ்டியரிங்தான் தள்ளி கீது."

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், உடனே அழுதுவிட்டேன். அழுது முடிக்கும்வரை கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர் பிறகு சொன்னார்: "நான் மட்டும் யோக்கியனா? சொட்டுச் சொட்டா வருதே, சுத்தம் இல்லாம எப்படித் தொழுவறதுன்னு வெள்ளிக்கெழம ஜும்மாவுக்கே போறதில்ல. கேட்டவங்ககிட்ட முட்டி வலின்னேன். அல்லாவோட வூட்டு வாசல்லயே பொய் சொன்னவன் நானு. உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. ஆனா ஒரு வேல கீது. வர்றியா?"

வேலை இதுதான்: செங்கல்பட்டில் நம் ஓய்வுபெற்றோர் மாதக் கூட்டம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவர் மேடையேறியதை உங்களில் பலர் பார்த்தீர்கள். "எனக்கு ப்ராஸ்டேட்ல கேன்சரு. அதாவது ஒண்ணுக்குப் போற பைக்குக் கீழ" என்று ஆரம்பித்தார். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒருவர், "பாய், லேடீஸ் கீறாங்க" என்றார். "இருக்கட்டும். அவங்கதான உன்ன டாக்டராண்ட இட்டுகினு போவணும். நீயா போவ மாட்டியே" என்றார். சிரிப்பு நின்றது.

"அம்பது தாண்டினவன் டாக்டராண்ட வாயத் தொறந்து கேளு. கையில ஒரு ஊசி, கொஞ்சம் ரத்தம். ஜாஸ்தியா இருந்தா ஸ்கேனு. அதுல சந்தேகம் வந்தாத்தான் மத்ததெல்லாம். மெட்ராஸ்ல கவர்மென்ட் ஆஸ்பத்திரிலயே அந்த ரோபோ மிஷினு வந்துருச்சு. மிஷினு வந்து இன்னா பிரயோஜனம்? நீ வாயத் தொறந்தாத்தான அது உன்னாண்ட வரும்?"

அப்போது ஒருவர் எழுந்து, ஆபரேஷன் செய்துகொண்டால் அதன் பிறகு ஆம்பளையாக இருக்க முடியாதாமே என்று கேட்டார்.  "அத்த, பண்ணிகினவங்கதான் சொல்லணும்" என்ற ஜலால் பாய், கூட்டத்தை ஒருமுறை மெதுவாகப் பார்த்தார். அவர் பார்வை என் மேல் நிற்கவில்லை. நான் எழுந்திருக்கலாம். அவர் எனக்காகத் திறந்து வைத்த கதவு அது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் காத்திருந்துவிட்டு அவரே சொன்னார்: "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு கீறாரு. நல்லா கீறாரு. பேரனத் தூக்கிகினு சுத்துறாரு." சாகும்வரை என் பெயரை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று கேட்டவருக்கு இன்று பதில் சொல்கிறேன். நான்கு மாதம் சொட்டியது. அடிவயிற்றுத் தசையை இறுக்கி விடும் பயிற்சியில் நின்றது. நீங்கள் கேட்ட மற்றது முன்போல் இல்லை. மாத்திரை உண்டு, அதுவும் முழுசாக இல்லை. உயிரோடு காலையில் எழுந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். போதுமா?

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ரத்தம் கொடுத்தவர்களில் ஒருவருக்கு ஆரம்ப நிலையில் கண்டுபிடித்து, ரோபோவில் எடுத்துவிட்டார்கள். இப்போது மாமல்லபுரம் கடற்கரையில் தினமும் நடக்கிறார். இந்தக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் என்னிடம் ஓடிவந்து, தன் பெயரை மட்டும் போட்டுவிடாதே என்றார். போடவில்லை. ஆனால் ஐயா, உங்களுக்கு உயிர் கொடுத்துவிட்டுப் போனவரின் ஜனாஸா ஊர்வலத்துக்காவது நீங்கள் வந்திருக்கலாம்.

ஊசிகள் ஒன்றேகால் வருஷம் அவரைத் தாங்கின. பிறகு அவையும் கேட்கவில்லை. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி, எனக்கு அண்ணி, கணவரை இழந்தவர்கள் தனித்திருக்கும் இத்தாவில் இருந்ததால் திரைக்குப் பின்னால் இருந்து பேசினார். குழுவில் நோயின் பெயரை எழுதியது உங்களுக்குச் சங்கடமா என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா சங்கடம் தம்பி? பேரச் சொன்னா ஒட்டிக்குமா? சொல்லாமத்தான அவரு போனாரு" என்றார். பிறகு, "ஒங்களுதையும் எழுதுங்க" என்றார்.

நான் திடுக்கிட்டேன். "பாய் சொன்னாரா?"

"அவரு எங்க சொன்னாரு. ஆஸ்பத்திரிலேந்து அவங்க வந்தன்னிக்கு, தாஸு ஏன் உள்ள வரலன்னு கேட்டேன். ரியாஸோட அத்தா செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. ஏதோ மறைக்கிறாருன்னு அதுலயே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் மேடையில, பேரனத் தூக்கிகினு சுத்துற ஒருத்தருன்னாராமே, அது நீங்கதான்னு புரிஞ்சிகினேன்."

எழுதிவிட்டேன், அண்ணி.

கடைசி வருஷத்தில் ஜலால் பாய் எந்த ஆண் எதிரே வந்தாலும், நலமா என்று கேட்பதை விட்டுவிட்டார். டீக்கடையானாலும் கல்யாண வீடானாலும், "ஒண்ணுக்கு ஒழுங்கா போவுதா? ரத்தம் குடுத்துப் பாத்தியா?" என்பார். கேட்டவர்கள் நெளிந்தார்கள், சிலர் அவரைக் கண்டால் வேறு சந்தில் திரும்பினார்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். அதை யாரிடம் முதலில் கேட்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பிய அன்றே என் டாக்டர் சொல்லியிருந்தார்: கூடப் பிறந்த ஆண்களுக்கு வர மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம், அவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள் என்று. என் தம்பி திருக்கழுக்குன்றத்தில் இருக்கிறான். மூன்று வருஷமாக அவனிடமும் நான் ஹெர்னியாதான்.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவியும் நின்றிருந்தாள். நின்ற இடத்திலேயே கேட்டேன், எல்லாவற்றையும் சொன்னேன். துணியைக் கீழே போட்டான்.

"மூணு வருஷமா உனக்குத் தெரியுமா? ப்ராஸ்டேட் கேன்சர வச்சிகினு என்னாண்ட ஹெர்னியான்னியா? எனக்கும் வரும்னு தெரிஞ்சும் வாய மூடிகினு கீறியே, நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

அவன் கத்தக் கத்த எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அடுத்த வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்த நோயின் பெயரை அவன் இன்னும் மூன்று முறையாவது சொன்னான், தெரு முழுக்கக் கேட்கும்படி. நான் அவனை அடக்கவில்லை.